அன்ரன் அண்ணையின் இரண்டு நிமிடம்

அன்ரன் அண்ணை போய்விட்டார்.

காலையில் அவருடைய மகன் ஜூட் போன் எடுத்துச் சொன்னான். ஆஸ்பத்திரியில், நித்திரையிலேயே... நான் எனக்கு ஊற்றி வைத்த தேத்தண்ணி அப்படியே ஆறிக் கிடக்கிறது.

சென்ட் லோரன்டில் ஒரு மருந்து பக்டரியில் நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பெட்டி அடைத்தவர்கள். ஆனால் எனக்கு அண்ணை என்றால் சனிக்கிழமை காலை, ஐஸ் ஹொக்கி அரீனா, பஸர்.

ஹொக்கியைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. எனக்கும்தான்! மன்னார் மனிதருக்கும் சாவகச்சேரி மனுசிக்கும் ஐஸில் என்ன வேலை? இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ இருக்கும். பிள்ளைகள் அடம்பிடித்தார்கள், கொண்டுபோய்ச் சேர்த்தோம். அவருடைய ஜூட்டும் என்னுடைய மகள் அபியும் ஒரே டீம். இரண்டு பேருக்கும் ஒன்பது வயது.

நேரம் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்று கிளப்பில் கேட்டபோது அண்ணை கையைத் தூக்கினார். "பிரெஞ்சும் வராது, விளையாட்டும் தெரியாது. மணிக்கூடு பாக்கத் தெரியும்."

அந்த டீமில் எல்லாம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள். அங்கே ஒரு விதி. இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை நேரம் பார்ப்பவர் பஸரை அமத்தி அடிப்பார். அடித்தவுடன் ஐஸில் நிற்பவர்கள் வெளியே, வாங்கில் இருப்பவர்கள் உள்ளே. கெட்டிக்காரருக்கும் விழுந்தெழும்புகிறவருக்கும் ஒரே அளவு நேரம்.

அபி கெட்டிக்காரி. ஜூட்... பாவம், ஐஸில் நின்றதைவிட விழுந்து கிடந்ததுதான் கூட.

ஒரு சனிக்கிழமை. அபி அந்தக் கறுப்பு ரப்பர் வட்டைத் தட்டிக்கொண்டு தனியாகப் போகிறாள். எதிரே கோல் காக்கிற பிள்ளை மட்டும். நான் தொண்டை கிழியக் கத்துகிறேன்... பஸர்! அபி வட்டை விட்டுவிட்டு வெளியே வந்தாள். அவள் இடத்துக்கு உள்ளே போனது ஜூட்.

திங்கட்கிழமை பக்டரி சாப்பாட்டு அறையில், எல்லோருக்கும் முன்னால் கேட்டேன். "ரெண்டு செக்கன் பொறுக்க ஏலாதே அண்ணை? உங்கட மகன் இறங்கவேணுமெண்டுதானே அமத்தினீங்கள்?"

அவர் சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு எழும்பிப் போனார். பாதிச் சோறு அதற்குள் இருந்தது.

அடுத்த வருடம் அபியை எலீட் டீமில் எடுத்தார்கள். ஊர் ஊராகப் போய் விளையாடுகிற டீம். எனக்குத் தலைகால் புரியவில்லை. கோயிலில் கண்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். அண்ணைக்கும் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே.

"நல்லது தங்கச்சி. பிள்ளைக்குக் கையுறை இன்னொரு சோடி குடுத்துவிடும். அங்கால குளிர் கூட" என்றார்.

லாவல், கத்தினோ, கியூபெக் சிட்டி... சனி ஞாயிறு முழுக்கக் காரில்தான் வாழ்க்கை. அங்கே பஸர் இல்லை. யார் இறங்குவது, யார் வாங்கில் இருப்பது எல்லாம் கோச்சின் முடிவு. வெல்ல வேண்டுமே! எங்கள் பக்கத்தில் கெட்டிக்காரியாக இருந்தவள் அங்கே கடைசி ஆளாகிப் போனாள்.

கியூபெக் சிட்டியில் ஒரு மட்ச். கடைசிப் பகுதி முழுக்க ஒரு தடவைகூட அவளை இறக்கவில்லை. ஹெல்மெட்டும் போட்டு, ஸ்டிக்கையும் பிடித்தபடி ஐஸுக்கு இறங்குகிற கதவடியிலேயே இருந்தாள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்.

திரும்பி வரும்போது பின்சீட்டிலிருந்து கேட்டாள். "அம்மா, இங்க ஏன் அன்ரன் அங்கிள் மாதிரி ஒராளும் இல்லை?"

பாதி வழியில், ட்ருவா ரிவியேரில் காரை நிறுத்திவிட்டுப் பின்சீட்டில் போய் அவளோடு இருந்தேன்.

அடுத்த செப்டெம்பர் பழைய டீமுக்கே போனோம். எந்த முகத்தோடு அண்ணையைப் பார்ப்பது என்று அரீனா வாசலில் தயங்கி நின்றேன். அவரே கண்டுவிட்டார்.

"வந்திட்டீரே? ஸ்கோர் எழுத ஆளில்லை. வாரும், இதில இரும்."

அவ்வளவுதான். சாப்பாட்டு அறைக் கதையை அவர் எடுக்கவேயில்லை. அந்த மாரிக் குளிர் முழுக்க அவருக்குப் பக்கத்தில் இருந்து ஸ்கோர் எழுதினேன்.

மாரி முடிகிற நேரம் ஒரு சனிக்கிழமை. பெட்டி தூக்கித் தூக்கி அண்ணைக்குத் தோள்மூட்டு நோ. "இண்டைக்கு நீர் அமத்தும்" என்று இடம் மாறி இருந்தார்.

அன்றைக்குத்தான் ஜூட்டிடம் வட்டு வந்தது. தனியாகப் போகிறான்... விழவில்லை! எதிரே கோல் காக்கிற பிள்ளை மட்டும்.

மணிக்கூட்டைப் பார்த்தேன். இரண்டு நிமிடம் முடிந்துவிட்டது. விரல் பஸரில் இருக்கிறது, அமத்த மனம் வரவில்லை. அண்ணையைப் பார்த்தேன். மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

கண்ணை எடுக்காமலே சொன்னார். "அமத்தும் தங்கச்சி. மற்றப் பிள்ளையள் கதவடியில நிக்குதுகள்."

அமத்தினேன். ஜூட் வட்டை விட்டுவிட்டு வந்தான். வரும்போது எங்களைப் பார்த்துக் கையாட்டினான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணை ஸ்கோர் தாள் நனையாமல் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

இன்று காலை ஜூட்டிடம் இதைச் சொன்னேன். "அன்ரி, அந்த வட்டோட என்ன செய்யிறதெண்டே தெரியாமல்தான் ஓடினனான். நீங்கள் அடிச்சது பெரிய புண்ணியம்" என்று அழுதுகொண்டே சிரித்தான்.

வியாழக்கிழமை கோட்-டெ-நெய்ஜில் அடக்கப் பூசை. அபி ஒட்டாவாவிலிருந்து பஸ்ஸில் வருகிறாள்.

அண்ணை, அன்றைக்குச் சாப்பாட்டு அறையில் சொன்னதற்கு நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கவேயில்லை. எல்லோருக்கும் முன்னால்தான் சொன்னேன். இப்போது இதை எழுதி, எல்லோருக்கும் முன்னால் கேட்கிறேன்... மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

போயிட்டு வாங்கோ அண்ணை.