அம்மா குரங்கின் முகத்தைத் தேய்த்த நாள்

எழுபதுகளின் நடுவில் ஒரு கோடை. மில்லர்புரத்து வீட்டில் இருந்த எல்லாவற்றையும் வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டோம். கட்டில், பாய், அரிசிப் பானை, தையல் மெஷின், சாமி படங்கள். சாமிகளும் அன்று வெயில் காய்ந்தார்கள். உள்ளே அப்பா ஏணியில் நின்று சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சாத்தான்குளத்திலிருந்து அக்காவைக் கூட்டிப் போக அவள் மாமியார் வீட்டார் வருவதாக இருந்தது. பொங்கலுக்கு வந்த அக்கா திரும்பிப் போகவில்லை. ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயந்திருப்போம். ஆகவே வீட்டைச் சுத்தம் செய்தோம்.

பரணைக் காலி செய்தபோது அந்தத் தகரக் குரங்கு கிடைத்தது. அக்கா சின்னப் பிள்ளையாக இருக்கும்போது கொழும்புத் தோணியில் வந்தது. அப்பாவுக்குத் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் இடத்தில் வேலை. குரங்கின் முதுகில் சாவி. முறுக்கினால் இரண்டு கையாலும் கொட்டு அடிக்கும். முறுக்குகிற உரிமை அக்காவுக்கு மட்டும். நான் அவளுக்குத் தங்கை, பார்க்கலாம்.

இப்போது சாவி அசையவில்லை. உப்புக் காற்று எங்கள் ஊரில் வாடகை தராமல் எல்லா வீட்டிலும் குடியிருக்கும். ஆணியைத் தின்னும், கதவுக் கீலைத் தின்னும். குரங்கையும் பாதி தின்றிருந்தது.

அக்கா அதை வாங்கிக்கொண்டு தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். மெஷினுக்கு விடுகிற எண்ணெயைச் சாவித் துளையில் சொட்டு சொட்டாக விட்டாள்.

"நாளைக்கு ஆளு வாராவ. இவ குரங்குக்கு வைத்தியம் பாக்கா" என்றாள் அம்மா.

"பாக்கட்டும். மனுசனுக்குப் பாத்தா காசு கேப்பாவ" என்றார் அப்பா ஏணியிலிருந்து.

உச்சி வெயிலில் சாவி திரும்பியது. குரங்கின் ஒரு கை எழுந்து, யோசித்து, ஒரே ஒரு அடி அடித்தது. அக்கா அதை வாசல் திண்டில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். மாதக்கணக்கில் அவள் முகத்தில் பார்க்காத ஏதோ ஒன்று அந்த ஒரு அடியில் வந்து போனதை அம்மாவும் பார்த்திருக்க வேண்டும்.

கிணற்றடியில் அம்மா பித்தளைப் பாத்திரங்களைத் துலக்கிக்கொண்டிருந்தாள். புளியும் செங்கல் பொடியும். குடம், செம்பு, குத்துவிளக்கு, அப்புறம் குரங்கு. மகளுக்கு ஆசையாக ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்திருப்பாள். துலக்குகிற நாளில் அவள் கைக்கு எல்லாமே பித்தளைதான்.

அக்கா ஈரத் தலையோடு வந்தபோது குரங்கு செம்புகளுக்கு நடுவே பளபளத்தது. சிவப்புத் தொப்பி, கண், சிரிப்பு ஒன்றும் இல்லை. முகம் இருந்த இடத்தில் வெறும் தகரம், வெயிலைத் திருப்பி அடித்தது.

"துருவெல்லாம் போயிட்டு பாரு" என்றாள் அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, "மூஞ்சியும் போயிட்டு."

அக்கா கோபப்படவில்லை. "பெயிண்ட் இருக்காம்மா?" என்றாள்.

துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர்கள் வீட்டில் பெயிண்டுக்குப் பஞ்சமில்லை. எங்கள் தெருவில் கதவு, கொட்டகை எல்லாம் கப்பல் நிறம். டப்பாக்களின் அடியில் சாம்பலும் சிவப்பும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கண்ணுக்குக் கொட்டாங்கச்சிக் கரி. வேப்பங்குச்சியின் நுனியைப் பல்லால் நைத்து அக்கா வரைய, அம்மா குரங்கைப் பிடித்துக்கொண்டாள். துப்புரவு நாளில் அம்மா வேலையை விட்டு உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

"மூக்கு கொஞ்சம் கீழ வரணும்ளா."

"குரங்குக்கு மூக்கு அங்கனதாம்மா."

அம்மா குரங்கைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அங்க என்னதாம்ளா நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலம்மா." அக்காவின் குச்சி நிற்கவில்லை. "நான் அழுதா அவுக ரேடியோ சத்தத்தக் கூட்டி வைப்பாவ."

"யாரு, மாப்பிள்ளையா?"

"ம். சமயத்துல அத்தையும்."

"அடிச்சாவளா?"

"இல்ல. ஏசக்கூட மாட்டாவ. கூட்டி வைப்பாவ. நான் அழுது முடிச்சதும் குறைப்பாவ."

"எந்த ரேடியோ? நாம சீரா குடுத்ததா?"

"அந்த வீட்டுல வேற ரேடியோ ஏது?"

தெருமுனைக்கும் கேட்க வேண்டும் என்று அப்பா கடை கடையாக ஏறி, போட்டுப் பார்த்து வாங்கிய ரேடியோ அது.

"இன்னொரு கண்ணையும் போட்டுரு" என்றாள் அம்மா. போட்டு முடிக்கிறவரை ஆடாமல் பிடித்திருந்தாள். பிறகு எழுந்து, மண்ணெண்ணெய் தொட்டு விரல்களைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"நீங்க சாத்தான்குளம் போயி, நாளைக்கு யாரும் வர வேண்டாம்னு சொல்லிட்டு வாங்க."

"வெள்ளையடிச்சாச்சே" என்றார் அப்பா.

"நம்ம வீட்டுக்குத்தான அடிச்சிருக்கு."

அம்மா ஏணிக்குக் கீழே நின்று இன்னும் ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. அப்பா சுண்ணாம்பு அடிக்கிற மட்டையை வாளியில் போட்டார். கையில் சுண்ணாம்புப் புள்ளிகளோடேயே பஸ்ஸுக்குப் போனார்.

நாங்கள் மூவரும் வீட்டைத் திரும்ப உள்ளே கொண்டுவந்தோம். குரங்கின் முகம் காயவில்லை. கப்பல் பெயிண்டுக்கு நம் அவசரம் தெரியாது. அக்கா விளிம்பைப் பிடித்துச் சாவியை முறுக்கிப் பார்த்தாள். இப்போது இரண்டு கையாலும் அடித்தது, முன்னைவிட மெதுவாக, ஒவ்வொரு அடிக்கும் அனுமதி கேட்பதுபோல.

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் அப்பா வந்தார். தோளில், துண்டில் சுற்றிய ரேடியோ.

"என்ன சொன்னாவ?" என்றாள் அம்மா.

"ரேடியோவ ஏன் எடுக்கியன்னு கேட்டாவ."

"நீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல. பஸ் வந்துட்டு."

அக்கா எழுந்து போய் அதை அவர் தோளிலிருந்து இறக்கினாள். "இம்புட்டுக் கனத்தத் தூக்கிட்டு வரணுமாப்பா" என்றாள். கை கழுவத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, அவருக்குச் சோறு போட உள்ளே போனாள்.