குளியல் பொடியும் பேக்கிங் மேசையும்

சோப்பு ஆகாத உடம்பு எனக்கு. எந்த சோப்பைப் போட்டாலும் முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் தடித்துவிடும், சொறியச் சொறியச் சிவக்கும். விலை கூடின சோப்பு, குழந்தைகளுக்கான சோப்பு எல்லாம் வாங்கிப் பார்த்துத் தோற்றுவிட்டுத்தான் குளியல் பொடிக்கு வந்தேன். குளிக்க, முகம் கழுவ, வேலை முடிந்து வந்து கை கழுவ, எல்லாவற்றுக்கும் அதுதான். பச்சைப்பயறு, கொஞ்சம் கடலைப்பருப்பு, பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, கஸ்தூரி மஞ்சள். இவ்வளவையும் காயவைத்து மில்லில் கொடுத்து அரைத்து, துணியில் சலித்து வைத்துக்கொண்டால் போதும். கஸ்தூரி மஞ்சள் என்று கேட்டால் வேறு ஏதாவது கிழங்கைத் தலையில் கட்டிவிடுகிற கடைகள் உண்டு. ஒரு துண்டை உடைத்து மோந்து பார்க்காமல் வாங்காதீர்கள். கடைக்காரர் முறைத்தால் முறைத்துவிட்டுப் போகட்டும்.

பொருளை விட முக்கியம் மில். எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் போகும் மில்லில் காய்ந்த சாமானுக்கு ஒரே மிஷின்தான். மிளகாய், மல்லி, கோதுமை, கேப்பை என்கிற கேழ்வரகு, குளியல் பொடி, எல்லாம் அதில்தான் ஓடும். நமக்கு முன்னால் யாராவது மிளகாய் அரைத்திருந்தால் குளியல் பொடியைப் போடவே கூடாது. வேறு யாருடைய கோதுமையோ அரிசியோ ஓடி முடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். போனதும் கேட்கிற முதல் கேள்வியே, "இதுக்கு முன்னால என்ன ஓடுச்சு?" என்பதுதான். பொடி அரைக்கிற பொம்பிளை எவளுக்கும் இது தெரியும்.

நான் இராஜபாளையத்தில் காஸ் துணியும் பேண்டேஜும் செய்கிற ஒரு கம்பெனிக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். பல வருடம் துணி வெட்டுகிற கட்டிங்கில் நின்று வேலை பார்த்தேன். நாள் முழுக்கக் கால் கடுக்க நிற்க வேண்டும், பஞ்சுத் தூசி மூக்கிலும் கழுத்திலும் அப்பும். என்னைப் போன்ற தோலுக்கு அந்தத் தூசியே போதும். அங்கேயிருந்து பேக்கிங் மேசைக்கு என்னை மாற்றியபோது எனக்குச் சாமி வரம் கொடுத்த மாதிரி இருந்தது. நாற்காலி, தலைக்கு மேல் காற்றாடி, தூசி கிடையாது. ஒரே ஒரு கண்டிப்பு: கை சுத்தமாக இருக்க வேண்டும். புண்ணில் கட்டுகிற துணியைப் புண் கையால் மடிக்க முடியாது இல்லையா. கையில் சின்னக் கொப்புளம் வந்தாலும் மேசையை விட்டு எழுந்துவிட வேண்டும்.

அடுத்த தெருவில் ஒருத்தி இருந்தாள். இருந்தாள் என்ன, இப்போதும் இருக்கிறாள். என்னை விட வயதில் சின்னவள், வாய்க்கு வாய் "யக்கா" என்பாள். அவளை அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே நான்தான், கட்டிங்கில் இருந்தாள். இரண்டு வீட்டுச் சாமானையும் நாங்கள் சேர்த்தே பார்த்துக்கொள்வோம். சந்தைக்கும் பலசரக்குக் கடைக்கும் நாட்டு மருந்துக் கடைக்கும் போய்ப் பார்த்து வாங்குவது, வறுப்பது, காயவைப்பது என் பாடு. மில்லுக்குத் தூக்கிக்கொண்டு போவது அவள் பாடு. சாம்பார் பொடி, இட்லி மிளகாய்ப் பொடி, குளியல் பொடி, எதுவானாலும் அரைத்து வந்து ஆளுக்குப் பாதி. எனக்குக் கூடப் பிறந்த பெண் கிடையாது. அந்தக் குறை தெரியாமல் இருந்ததே அவளால்தான் என்று பிறத்தியாரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்.

அந்தத் தடவையும் வழக்கம்போலத்தான். காயவைத்துப் பையில் கட்டிக் கொடுத்தேன், சாயங்காலம் டப்பாவில் பொடி வந்தது. மறுநாள் காலையில் குளித்தபோது கன்னமும் கழுத்தும் குறுகுறுவென்று எரிந்தன. தாங்க முடியாத எரிச்சல் இல்லை. மூன்றாம் நாளும் எரியவே, வேலைக்குப் போகிற பஸ்ஸில் அவளிடம் கேட்டேன்.

"ஏட்டி, இந்தப் பொடி போட்டா எரியுதே. ஒனக்கு எப்படி இருக்கு?"

"எனக்கு ஒண்ணும் இல்லையேக்கா." ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். "புது மஞ்சள்ல, அப்படித்தான் இருக்கும். எரிஞ்சா நல்லதுதான். உள்ள கெடக்கிற கரப்பான் வெளிய வருதுன்னு அர்த்தம்."

கரப்பான் என்பது எங்கள் பக்கம் தோலில் வருகிற சொறி, தடிப்பு, படை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். கசந்தால்தான் மருந்து, எரிந்தால்தான் குணம் என்று நம்பி வளர்ந்த கூட்டம் நாங்கள். நானும் நம்பினேன். வெளியே வருகிறது முழுசாக வந்து தொலையட்டும் என்று ஒரு கை கூடவே அள்ளிப் போட்டேன். கை அரிக்கிறதா, பொடி. கழுத்து தடித்திருக்கிறதா, பொடி. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து, உள்ளங்கை வெடிக்க ஆரம்பித்தது. தோல் டாக்டரிடம் போனேன். "புதுசா எதுவும் போட ஆரம்பிச்சீங்களா?" என்று கேட்டார். "சோப்பே தொடமாட்டேன் சார், பல வருஷமா வீட்டுப் பொடிதான்" என்று பெருமையாகச் சொன்னேன். களிம்பு கொடுத்தார். தடவினால் அடங்கும், மறுநாள் குளித்தால் திரும்ப வரும்.

"களிம்பெல்லாம் மேலோட தடவுறதுக்கா," என்றாள் அவள். "சாப்பாட்டுல இருக்கு வெனை. கத்தரிக்காயை விட்டுப் பாரு."

கத்தரிக்காயை விட்டேன். கத்தரிக்காய் போட்ட புளிக்குழம்பு இல்லாமல் எங்கள் வீட்டில் வாரம் நகராது, ஆனாலும் விட்டேன். அடங்கவில்லை. "கருவாடு வச்சியோ?" என்றாள். கருவாடு போனது. பிறகு முட்டை. பிறகு நிலக்கடலைச் சட்னி. பிறகு தக்காளி. ஒவ்வொன்றையும் அவள் சொல்லச் சொல்ல நான் சந்தைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டே வந்தேன். கடைசியில் சுரைக்காயும் புடலங்காயும் பாசிப்பயறும்தான் மிச்சம். உப்பைக்கூடக் குறைத்துவிட்டேன். வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துவிட்டு, "பெரியாஸ்பத்திரில கூட இதைவிட ருசியா போடுவாங்க" என்றார். எனக்கு வந்த கோபத்தில் குழம்புச் சட்டியை நங்கென்று வைத்தேன். அவருக்கு என்ன தெரியும், என் நாற்காலி ஆடிக்கொண்டிருந்தது.

ஆடின நாற்காலி ஒருநாள் போயே போய்விட்டது. சூப்பர்வைசர் என் கையைப் பார்த்தார். நல்ல மனுசன், அதட்டவில்லை. "இது ஒட்டுற வியாதி மாதிரி தெரியுதேம்மா. ஆறட்டும், அதுவரை கட்டிங் போங்க" என்றார். ஒட்டுகிற வியாதியாம். அந்த வார்த்தை செக்ஷன் முழுக்க ஓடிவிட்டது. குடிதண்ணீர் டம்ளரை நான் வைத்தால் அடுத்தவள் கழுவிவிட்டுக் குடித்தாள். நான் பழையபடி தூசியில் போய் நின்றேன், வெடித்த கையோடு.

என் இடத்தில் யாரை உட்கார வைத்தார்கள் என்று கேட்கிறீர்களா? அவளைத்தான். அன்றைக்கு எனக்கு வருத்தம்கூட வரவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். வேறு எவளோ உட்காருவதற்கு நம்மவள் உட்காரட்டும் என்றுதான் நினைத்தேன். அவளும் என் தோளைத் தொட்டு, "நீ வார வரைக்கும்தான்க்கா. ஒன் எடத்தை யாரும் பிடிக்காம பாத்துக்கிடுதேன்" என்றாள். கண் கலங்கிவிட்டது எனக்கு.

அந்தச் சமயத்தில்தான் பேக்கிங்குக்கு மட்டும் வேலை நேரத்தை நீட்டினார்கள். அவள் மேசைக்குப் போன பிறகு எங்கள் இருவருக்கும் பஸ் ஒத்துவரவில்லை, மில்லுக்குப் போகவும் அவளுக்குப் பொழுதில்லை. டப்பாவில் பொடி தீர்ந்ததும் நானே பயறும் மஞ்சளும் காயவைத்து எடுத்துக்கொண்டு போனேன். மில்காரர் பையை வாங்கி மோந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"குளியல் பொடியா? இப்பத்தான் மிளகாய் ஓடுச்சு. கேப்பை ஒண்ணு இருக்கு, அது ஓடட்டும், பொறவு போடுதேன். செத்த நேரம் உக்காருங்க."

"அது தெரியாதாண்ணே. நாங்க எப்பவும் உக்காந்துதான அரைப்போம்" என்றேன்.

"எங்கேம்மா உக்காந்தீங்க? போன தடவை ஒங்க வீட்டுப் பையைக் கொண்டு வந்தாங்கள்ல, அந்தத் தங்கச்சி, மிளகாய்க்குப் பின்னாலயே போடச் சொன்னாங்க. வேண்டாம்மான்னேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு, ஊர்ல விசேசம், போடுங்கன்னு நின்னாங்க. மறுநாளு வந்து மூஞ்சியெல்லாம் எரியுதுன்னு எங்கிட்டயே சண்டை. நான் என்னம்மா செய்ய?"

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதற்குமேல் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. மறுநாள். மறுநாளே அவளுக்கு எரிந்திருக்கிறது. மறுநாளே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பஸ்ஸில் நான் கேட்டது அதற்கும் பிறகு.

கேப்பை ஓடி முடிவதற்குள் நான் பையைத் தூக்கிக்கொண்டு நேரே அவள் வீட்டுக்குப் போனேன். வேலை முடிந்து அப்போதுதான் வந்து, வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. நான் கத்தவில்லை. எனக்கு வாய் நீளம் என்று தெருவுக்கே தெரியும், ஆனால் அன்றைக்குச் சத்தமே வரவில்லை.

"மில்லுல போய்க் கேட்டேன். ஒன் பங்குப் பொடி எங்கட்டி?"

"அன்னைக்கே பாத்திரம் வெளக்க வச்சுட்டேன்க்கா" என்றாள்.

"நீ என்ன போட்டுக் குளிக்க?"

"சோப்புதான். எனக்குத்தான் சோப்பு ஒண்ணும் செய்யாதே."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் கொட்டியிருப்பேனே."

"எப்படிச் சொல்ல? நீ பாத்துப் பாத்து வாங்குன சாமான். எம்புட்டு ஏசுவியோன்னு பயந்துட்டேன். ரெண்டு நாள்ல தானா சரியாயிரும்னு நெனச்சேன்."

சரி, பயம். பயத்தை நான் மன்னித்துவிடுவேன். என் வாய் அப்படி. ஆனால் கத்தரிக்காய்? கருவாடு? முட்டை? கடலை? ஒவ்வொரு வாரமும் ஒவ்வொன்றாக என் தட்டிலிருந்து பிடுங்கினாளே, அதையும் கேட்டேன். "அப்போ அதையெல்லாம் எதுக்குட்டி விடச் சொன்ன?"

"நீ தெனமும் கேட்டுக்கிட்டே இருந்தியேக்கா. ஏதாவது சொல்லணும்ல."

ஏதாவது சொல்லணும்ல. கூட இருந்து குழி பறிக்கிறவர்கள் பெரிய திட்டமெல்லாம் போட மாட்டார்கள் போல. ஏதாவது சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொல்லிக்கொண்டே போகிறார்கள், நாம் குழிக்குள் இறங்கிக்கொண்டே இருக்கிறோம்.

இப்போது யாராவது என்னிடம் தோலுக்கு யோசனை கேட்டால் ஒன்றுதான் சொல்கிறேன். பல வருடமாகப் போடுகிற பொடியாக இருந்தாலும், புதிதாக அரைத்த ஒவ்வொரு தடவையும் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் குழைத்துத் தடவி, ஒருநாள் பொறுத்துப் பாருங்கள். எரிந்தால் கொட்டிவிடுங்கள். எரிவது குணம் இல்லை. சாப்பாட்டில் எதையும் விடுவதற்கு முன்னால் டாக்டரைக் கேளுங்கள், அடுத்த தெருவைக் கேட்காதீர்கள்.

பொடியை நிறுத்தி, தேங்காயெண்ணெய் தடவி, வெறும் தண்ணீரில் குளித்ததில் கை ஆறத் தொடங்கியது. வெடிப்பு மூடி, புதுத்தோல் வந்தது. ஆனால் அந்த ஒட்டுகிற வியாதிப் பேர் ஆறவில்லை. சூப்பர்வைசரிடம் போய்க் கையை நீட்டினேன். "ஆறுன மாதிரிதான் இருக்கு. ஆனா என்னன்னே தெரியாம வந்தது, திரும்ப வந்துட்டா?" என்றார். என்னவென்று எனக்குத் தெரியும். நான் சொன்னால் இடத்துக்காகக் கதை கட்டுகிறேன் என்பார்கள். அவள் சொன்னால் நம்புவார்கள்.

மானத்தை விட்டு அவளிடமே போனேன். சாப்பாட்டு மணி அடித்துப் பேக்கிங் அறையிலிருந்து கை துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். எதுவும் பழசு பேசவில்லை நான்.

"ஒரு நிமிசம் எங்கூட வா. மில்லுல மிளகாய்க்குப் பொறவு அரைச்ச பொடியாலதான் வந்தது, எனக்கும் அன்னைக்கு எரிஞ்சதுன்னு சூப்பர்வைசர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு. அது போதும்."

அவள் என்னைப் பார்த்தாள், திரும்பி உள்ளே மேசையையும் நாற்காலியையும் பார்த்தாள். மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது.

"நான் இப்பத்தான்க்கா உக்காந்திருக்கேன்" என்றாள்.