ஒருவர் கடித்த பறி

2021 ஜூலை 11, ஞாயிறு, காலை ஏழு மணி. பழவேற்காட்டை அடுத்த தோணிரேவு ஏரிக்கரை.

இடுப்பளவு நீரில் அஞ்சலை இறால் தேடுகிறார். இரு கைகளும் சேற்றைத் துழாவுவதால், பறி என்னும் ஓலைக்கூடையின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டிருக்கிறார். சற்று இளைப்பாறக் கரையேறியவரிடம், முகக்கவசம் அணிவதில்லையா என்று கேட்கிறேன்.

“தண்ணில மாஸ்க்கு போட்டுக்கினா, பறிய மூக்காலயா புடிப்பேன்?” என்று சிரித்தபடி, கரையில் உலர்வாக வைத்திருந்த கவசத்தை அணிகிறார்.

அவருடைய நாத்தனார் கன்னி விரைந்து வருகிறாள். அவளது பறி கிழிந்துவிட்டது.

“அண்ணி, உன் பறிய குடு. தண்ணி ஏறிட்டா எறா கெடைக்காது, இன்னிக்கு உலை வெக்க முடியாது.”

“நான் கடிச்சத நீ கடிப்பியா?”

“எத்தினி வாட்டி கடிச்சிருக்கேன்!”

“அது அப்போ. கொரோனா இன்னா உன் மாமனா, பாவம்னு உட்டுட்டுப் போறதுக்கு?”

ஆனாலும் அஞ்சலை, பல் படும் விளிம்பில் சுற்றியிருந்த பழந்துணியை அவிழ்த்தெறிகிறார். ஓலையைச் சோப்பிட்டுக் கழுவி, துவைத்த துண்டிலிருந்து கிழித்த புதுத்துணியைச் சுற்றிக் கொடுக்கிறார்.

“இனிமே இது உன்னுது. நான் இன்னிக்குப் புடிச்சது போதும்.”

மறுநாள் காலை, பழவேற்காட்டில் புதிய பறி ஒன்றை வாங்கி அஞ்சலையிடம் கொடுத்தேன். கடிக்கப்போவது அவர் என்பதால், விளிம்பில் துணியை நான் சுற்றவில்லை. அதை அவரே சுற்றிக்கொண்டார்.