என் மக ஜாதகம், பத்து காப்பி

மக ஜாதகத்தைப் பத்து காப்பி எடுக்கலாம்னு இன்னிக்கு கும்மிடிப்பூண்டி ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் என்னைப் பாத்து சிரிச்சாரு. "இன்னா சார், கல்யாணம் ஆகலன்ற சர்டிபிகேட்டை நேத்துதான் உங்க பொண்ணு காப்பி எடுத்துக்கினு போச்சு. மிலிட்டரில செலக்ட் ஆயிடுச்சாமே!"

அங்கியே நின்னு அவளுக்கு போன் போட்டேன்.

"ஆமாம்பா. நாலு வருஷம் கல்யாணம் பண்ணிக்கக் கூடாது. சரின்னு எழுதிக் குடுத்துட்டேன்"ன்றா.

தினம் காலையில ஸ்டேஷன் ரோட்ல ஓடுவா. பொண்ணு பாக்க வர்றதுக்குள்ள உடம்பைக் குறைக்கிறான்னு நெனச்சி, ஷூ வாங்கிக் குடுத்ததே நான்தான்.

ஞாயித்துக்கெழம ஆரம்பாக்கத்துலர்ந்து மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வர்றாங்க.

கேசரி கிண்டறதா வேணாமா, நீங்களே சொல்லுங்க.