துடைக்காத தாடை

என் அண்ணனின் மண்டையை உடைத்தவனை இன்றைக்கும் என்னால் கண்ணை மூடிக்கொண்டு வரைய முடியும். சப்பை மூக்கு, சிவந்த கழுத்து, கையில் காரைப் பூட்டி வைக்கும் இரும்பு ஸ்டீயரிங் லாக். எதிரில் வந்தால் வரைய மாட்டேன், வேறு ஏதாவது செய்வேன்.

நான் காமிக்ஸ் வரைகிறவள். பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில் போனால் ஜன்னல் அதிரும் ஒரு வீட்டில் உட்கார்ந்து டேப்லெட்டில் ஆட்களை அடித்துக்கொள்ள வைப்பதுதான் என் பிழைப்பு. அண்ணன் போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறவன். துறைமுகக் காட்சி ஒன்றுக்குப் புகைப்படம் எடுக்க வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை காலை அவனோடு லோரியில் தொற்றிக்கொண்டேன்.

கிள்ளானில் ஒரு டயர்க் கடைக்கு முன்னால் ஒரு கார் வழியை மறித்து நின்றது. அண்ணன் ஹாரன் அடித்தான். கார் நகரவில்லை. மறுபடியும் அடித்தான். காரிலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள்.

"என்னாடா ஹாரன்? கீழ எறங்குடா!"

"போவாதண்ணே, உள்ளயே இரு" என்று அவன் சட்டையைப் பிடித்தேன். எங்கள் வீட்டில் பிறந்தவர்களுக்கு அப்படிக் கூப்பிட்டால் உட்கார்ந்திருக்கத் தெரியாது. இறங்கிவிட்டான்.

அவனைப் பேசவே விடவில்லை. ஒருவன் பின்னால் வந்து முழங்கையால் கழுத்தை நெரித்தான். இன்னொருவன் வயிற்றில் உதைத்தான். சப்பை மூக்கன் இரும்பை ஓங்கி முதலில் தோளில் போட்டான். அப்போது அண்ணன் தலையைக் குனிந்து, கழுத்தைச் சுற்றியிருந்த கையைக் கடித்தான். கடித்தவன் விடவில்லை. அலறியது அந்தக் கைக்காரன். அந்த அலறலைக் கேட்டுத்தான் அடுத்த அடி தலையில் இறங்கியது. தேங்காய் உடைகிற சத்தம் என்று எங்கள் தொழிலில் எழுதுவோம். பொய். ஈரத் துணியைச் சிமெண்டில் அறைந்த மாதிரி இருந்தது.

அண்ணன் சரிந்து சுருண்டு விழுந்தான். விழுந்தவனை மிதித்தார்கள். நான் இரண்டு கையாலும் லோரி ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த மூன்று மொழிக் கெட்ட வார்த்தைகளையும் கத்தினேன். டயர்க் கடைக்காரர்கள் கம்பியோடு ஓடி வந்ததும் மூவரும் காரில் ஏறிப் பறந்தார்கள். ஆம்புலன்ஸில் அவனை ஏற்றும்போது தரையில் ரத்தத்துக்கு நடுவே கறுப்பாக ஏதோ ரப்பர்த் துண்டு கிடந்தது. டயர்க் கடையில் ரப்பருக்கா பஞ்சம் என்று தாண்டிப் போனேன்.

அவனுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தபோது வெளியே பெஞ்சில் உட்கார்ந்து டேப்லெட்டை எடுத்தேன். வரையாவிட்டால் யார் மீதாவது பாய்ந்திருப்பேன். பேனா முனை தேயும் அளவுக்கு அழுத்தினேன். ஒரு கைக்கு நாலு கோடு, முகத்துக்கு ஒரு கிறுக்கல், தாடை இருக்கும் இடத்தில் முள்கம்பி மாதிரி ஒரு சிக்கல். அதுதான் ரஃப், அவசரத்தில் போடும் முதல் வரைவு. பார்க்கவே சகிக்காது.

அண்ணன் பிழைத்துவிட்டான். ஆனால் காரைப் பார்த்ததற்குப் பிறகு ஒன்றுமே அவனுக்கு நினைவில்லை. அந்த இடத்தை நிரப்பியது ஒரு வீடியோ. டயர்க் கடையில் யாரோ கடைசிக் கட்டத்தை மட்டும் பிடித்திருந்தார்கள். அதில் அவன் சுருண்டு கிடக்கிறான், மூன்று பேர் மிதிக்கிறார்கள். லோரிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அது சுற்றியது. அதன் கீழே சிரிக்கும் எமோஜிகளும் விழுந்தன. காயம் ஆறிய பிறகும் அவன் வேலைக்குப் போகவில்லை. என் வீட்டு சோபாவில் கிடந்து அந்த வீடியோவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு கை கூடவா நான் ஓங்கல?"

"கடிச்சண்ணே. அவன் கத்துனான், என் காதால கேட்டேன்."

"நீ என் தங்கச்சி. வேற என்னா சொல்லுவ? நீதான் பார்த்தியே, வரைஞ்சு காட்டுலா."

சரி, வரைந்தே காட்டுகிறேன் என்று உட்கார்ந்தேன். என் மிகச் சிறந்த பக்கமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்ததுதான் கோளாறு. ரஃப்பை மங்கலாக்கினேன். அதன் மேல் மெல்லிய தாளை விரிப்பதுபோல் புது லேயர் போட்டேன். கை நடுக்கத்தைத் திருத்தும் வசதியை உச்சத்தில் வைத்தேன். நகக்கண் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கி, ஒவ்வொரு கோட்டையும் அழித்து அழித்துப் போட்டேன். தாடையும் கையும் பின்னிக் கிடந்த இடம் வாசகருக்குப் புரியாது என்று தோன்றியது. இரண்டையும் பிரித்தேன். அண்ணனின் கை எதிரியின் மார்பைத் தள்ளுவதுபோல் மாற்றினேன். கோடெல்லாம் கண்ணாடி மாதிரி வழவழவென்று வந்தது. இரும்பு, மழைக்குப் பிடிக்கிற குடையைப் போல இருந்தது. யாருக்கும் வலிக்கவில்லை.

அண்ணன் பார்த்தான். "யாருலா இது? ஷாம்பு வெளம்பரத்துக்கு வந்தவனா?"

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. பேனாவைச் சுவரில் வீசினேன். "மண்டை ஒடஞ்சும் உனக்குக் கொழுப்பு கொறையல!" என்று கத்தியபடி வழவழப்பான லேயர்களை ஒவ்வொன்றாக அணைத்தேன். அடியில் கிடந்த ரஃப் முழுக் கறுப்பில் வந்து நின்றது.

சோபாவுக்குத் திரும்பப் போனவன் நின்றான். குனிந்து அந்த முள்கம்பிச் சிக்கலில் விரலை வைத்தான்.

"இது என்னா?"

"உன் வாய்."

அவன் தாடை அசைந்தது. எதையோ மென்று பார்ப்பதுபோல் மறுபடி அசைந்தது. பிறகு நிமிர்ந்து சமையலறைக்கு ஓடி, சிங்க்கில் துப்பினான். வாயைக் கொப்பளித்து மறுபடியும் துப்பினான்.

"ரப்பரு" என்றான், முதுகைக் காட்டிக்கொண்டே. "அவன் கையில வாட்ச் இருந்துச்சு. ஸ்ட்ராப்போட சேத்துக் கடிச்சேன். பிஞ்சிருச்சு."

வாட்ச்சை நான் கவனிக்கவே இல்லை, வரையவும் இல்லை. தரையில் கிடந்த கறுப்புத் துண்டைப் பற்றி அவனிடம் மட்டுமல்ல, யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொன்னேன். அவன் சிங்க்கைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான். நானும் அழுதேன்.

அன்று மாலையே அந்தப் பக்கத்தை மறுபடி வரைந்தேன். இந்த முறை டேப்லெட்டைச் சாப்பாட்டு மேஜையில் போட்டு நின்றுகொண்டு, பெரிதாக்காமல், திருத்தும் வசதியை அணைத்துவிட்டு, தோளிலிருந்து கையை வீசினேன். பழைய கோட்டின் மேலேயே இழுக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே புதிதாக அடித்தேன். தவறிய கோட்டை அப்படியே விட்டேன். இரும்பு இப்போது இறங்கியது.

பக்கத்தில் நின்றவன், "அந்த வாயில மட்டும் கை வெக்காத" என்றான்.

வைக்கவில்லை. ரஃப்பில் இருந்த தாடையை, மருத்துவமனை பெஞ்சில் கிறுக்கியபடியே, முடிந்த பக்கத்தில் இறக்கினேன். சுற்றியிருந்த அழுக்கைக்கூடத் துடைக்கவில்லை.

ஃபைலை அனுப்புகிறேன் என்றேன். அதற்குள் அவன் போனை எடுத்துத் திரையையே படம் பிடித்துவிட்டான். லோரிக்காரர்கள் குழுவைத் திறந்து, அந்த வீடியோவுக்குப் பதில் செய்தியாக அதைப் போட்டான். கீழே ஒரு சொல் மட்டும் தட்டினான்.

"கடிச்சேன்."