சுவர் இடுக்கில் மகன் வைத்த டப்பா

நான், சம்சாரம் செல்வி, பஜ்ஜி போடும் அக்கா. பெசன்ட் நகர் கடற்கரைச் சுவரோரம் இவ்வளவு பேர்தான் இருக்கிறோம்.

இங்கே காலேஜில் படிக்கும்போது எங்கள் மகன் ஒளித்து வைத்த டப்பா இது. அவன் இறந்து ஒரு வருசம் ஆகிறது. அவனுடைய போனில் இருந்த மேப் காட்டிய இடுக்கில் கை விட்டு எடுத்துவிட்டோம். உள்ளே சின்ன நோட்டு. முதல் பெயர் அவன் கையெழுத்து. போனில் இடம் பார்த்துத் தேடிக் கண்டுபிடிப்பவர் பெயரை எழுதிவிட்டு டப்பாவைத் திரும்ப வைக்க வேண்டும். அதுதான் விளையாட்டாம்.

செல்வி அதைப் பைக்குள் போடுகிறாள்.

"இன்னாம்மா, எடுத்துக்கினு போறே? ஞாயித்துக்கெழமையானா போனைப் பாத்துக்கினே தேடி வருவாங்க. நான் இன்னா சொல்றது?" என்கிறாள் பஜ்ஜி அக்கா.

"எம்புள்ள வச்சது, அக்கா."

"கண்ணாடி போட்ட தம்பியா? ரெண்டு பஜ்ஜிக்கு நாலு தபா சட்னி கேக்குமே."

செல்வி சிரித்துவிடுகிறாள். பிறகு டப்பாவை வெளியே எடுத்து, நோட்டில் பெயர் எழுதுகிறாள். இடுக்கில் வைக்குமுன் நான் நோட்டை வாங்கிப் பெயர்களை எண்ணுகிறேன். அவன் முதல், அவள் கடைசி.

நாற்பத்திரண்டு பேர்.