மல்லாட்டை உரிக்கும்போது எதையும் கேட்கலாம்

என் தம்பி நம்மை விட்டுப் போய் ஒரு வருடம் முடிகிற இன்று, வீடு தேடி வந்து, இலையில் உட்கார்ந்து, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கியிருக்கும் உறவுக்காரர்களுக்கும் சிநேகிதர்களுக்கும் அவருடைய அக்காவின் வணக்கம்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டிக் கூட்டி ஒரு மாதமாக எழுதினேன். தம்பியின் பெரிய மகள் பூங்கோதை பிழை திருத்தி அச்சுக்குக் கொடுத்தாள். “இன்னா அத்தை, இவ்ளோ எழுதியிருக்க?” என்று கேட்டாள். “இன்னும் கீதுடி, கை தான் வலிக்குது” என்றேன். அழுதுகொண்டே எழுதுவேன் என்றுதான் நினைத்தேன். உட்கார்ந்தால் சந்தோஷம் முந்திக்கொண்டு வருகிறது. என் தம்பி செய்த காரியம் அப்படிப்பட்டது. நிதானமாகச் சொல்கிறேன், கேளுங்கள்.

கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் நாங்கள் பிறந்தோம். எங்கள் அம்மாவுக்குப் பிறந்த பிள்ளைகளில் தங்கியது இரண்டே பேர். நான் மூத்தவள். பத்து வருடம் கழித்து அவர் பிறந்தார். என் இடுப்பில் வளர்ந்த பிள்ளை.

எங்கள் அப்பா நல்ல உழைப்பாளி. ஆனால் அவர் எதிரில் பிள்ளைகள் வாயைத் திறக்கக் கூடாது. தம்பிக்கு ஒன்பது வயது இருக்கும்போது, போகாதே என்று அப்பா சொல்லியிருந்த ஏரியில் போய்க் குளித்தார். காதுக்குள் வண்டு புகுந்துவிட்டது. சொன்னால் ஏரிக்குப் போனது தெரிந்துவிடும். எத்தனையோ நாள் சொல்லாமலே இருந்திருக்கிறார். சீழ் நாற்றம் அடித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்குள் இடது காது போய்விட்டது. பிற்பாடு யாராவது காதைப் பற்றிக் கேட்டால், “வண்டு மேல தப்பில்லீங்க. எங்கப்பனுக்குப் பயந்து வாய மூடினேனே, அதுல போன காது இது” என்று சிரித்துக்கொண்டே சொல்லுவார்.

கல்யாணம் ஆகி அடி அண்ணாமலைக்கு வந்தார். மாமனார் வழியில் ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம். என் வீட்டுக்காரரும் நானும் அங்கேயே பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து, இரண்டு குடும்பமும் சேர்ந்தே பயிர் வைத்தோம். மழை ஏமாற்றிய வருடங்களில் டவுனில் எண்ணெய் மில்லில் மூட்டை தூக்கினார். கேழ்வரகுக் கூழ் தவிர வேறு எதுவும் கொதிக்காத மாதங்கள் உண்டு. அவருக்குக் கோபமே வராது என்று எழுத மாட்டேன். மாடு வரப்பைத் தாண்டினால் அவர் போடும் சத்தம் கிரிவலப் பாதை வரைக்கும் கேட்கும். பிள்ளைகளிடம் மட்டும் அந்தச் சத்தம் கிடையாது.

ஆனி மாதம் விதைக்கு மல்லாட்டை உரிப்போம்; வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். விதை மல்லாட்டையைக் கையால்தான் உரிக்க வேண்டும். மேல் தோல் கிழிந்தால் முளைக்காது. அதனால் குடும்பமே குவியலைச் சுற்றி உட்கார்ந்து நாள் கணக்கில் உரிப்போம். கட்டை விரல் வீங்கிவிடும். அந்த இடத்தில் என் தம்பி ஒரு சட்டம் வைத்திருந்தார்.

“மல்லாட்டை உரிக்கிற எடத்துல யாரும் எதை வேணா கேக்கலாம். கேட்டதுக்கு அடி கெடையாது, திட்டு கெடையாது. இங்க பேசினதை வெளிய போய்ச் சொல்றதும் கெடையாது.”

அவரவர் கண் அவரவர் கை மேல் இருக்கும். யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அதனால்தானோ என்னவோ, பிள்ளைகளுக்கு வாய் தானாகத் திறந்தது. ஊரில் எங்களைக் கேலி செய்தார்கள். “பொடிசுங்க கேள்வி கேக்க, பெரியவரு பதில் சொல்லுறாரு” என்றார்கள். நானும் அந்தக் கேலியில் சேர்ந்தவள்தான்.

பூங்கோதைக்கு அப்போது பதினோரு வயது. டவுனில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. திடீரென்று வயிறு வலி, தலை வலி என்று படுத்துக்கொண்டாள். மூன்று நாள் பள்ளிக்கூடம் போகவில்லை.

“போதும் நிறுத்திடலாம். வயசுக்கு வர்ற பொண்ணு, எதுக்கு அவ்ளோ தூரம்?” என்று தம்பி மனைவி சொன்னாள். நானும் அதையே சொன்னேன்.

“அவளைக் கேட்டீங்களா?” என்றார் தம்பி.

“அவளை இன்னாத்தக் கேக்கறது?”

அவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து குவியலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். தன்னுடைய நல்ல காதுப் பக்கமாக. அவராக எதுவும் கேட்கவில்லை. உரித்துக்கொண்டே இருந்தார். இரண்டு நாள் அவளும் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் தலை நிமிராமல் கேட்டாள்.

“நைனா, ரத்தம் வந்தா செத்துப்போயிடுவாங்களா?”

“எங்க அடிபட்டா?”

“அடிபடாமலே வருதே, அது. எங்க கிளாசுல ஒரு பொண்ணு. பாவாடையெல்லாம் ரத்தம். நான் செத்துடுவேன்னு அழுதா. வூட்டுக்கு இட்டுக்கினு போனாங்க. அப்புறம் வரவே இல்ல நைனா.”

தம்பி மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேரும் குனிந்து இன்னும் வேகமாக உரித்தோம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரே சொன்னார்.

“சாவல பாப்பா. அந்தப் பொண்ணு வயசுக்கு வந்திருக்கா. உங்கம்மாவுக்கும் வந்தது, அத்தைக்கும் வந்தது. உனக்கும் ஒரு நாள் வரும். மாசா மாசம் வரும், நாலஞ்சு நாள்ல நின்னுடும். அது நோவு இல்ல.”

நான் முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். “த்தூ! ஆம்பள பேசற பேச்சாடா இது?”

“நீங்க ரெண்டு பேரும் பேசுவீங்கன்னு தான்கா பார்த்தேன். நீங்க மல்லாட்டையோட மல்லுக்கு நின்னுக்கினு இருந்தீங்க.”

தம்பி மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூங்கோதை சிரிக்கவில்லை.

“சாவலன்னா அவ ஏன் ஸ்கூலுக்கு வரல?”

“நிறுத்தியிருப்பாங்க.”

“நீயும் நிறுத்திடுவியா?”

அவள் படுத்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான். எங்கள் தெருவில் அதுவரை வயதுக்கு வந்த பிறகு ஒரு பெண்ணும் டவுனுக்குப் படிக்கப் போனதில்லை. மாட்டேன் கண்ணு என்று சொல்லித் தட்டிக்கொடுத்திருக்கலாம். என் தம்பி அப்படிச் சொல்லவில்லை. பிள்ளைதானே என்று பொய் சொல்லுகிற பழக்கம் அவரிடம் கிடையாது.

“இன்னும் யோசிக்கல பாப்பா. நீ இன்னா சொல்ற?”

“நான் போவணும்.”

“எதுக்கு?”

“அங்க பெரிய மேப் மாட்டிக்கீறாங்க. பாதி உலகம் தான் சொல்லிக் குடுத்தாங்க. மீதி பாதி தெரிய வேணாமா?”

அவர் கை நின்றுவிட்டது. “தெரியணும் தான்” என்றார். “சரி. உன்னைக் கேக்காம உன்னை நிறுத்த மாட்டேன். இது வாக்கு.”

இப்போது என் தப்பை எழுத வேண்டும். மறுநாள் பம்ப் செட்டில் துணி துவைக்கும்போது நாலு பெண்களிடம் இதையெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அது தெருவைச் சுற்றிக்கொண்டு போய்ப் பூங்கோதை காதில் விழுந்தது. அவள் குவியல் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டாள்.

“அக்கா, நீ தான் அவகிட்ட சொல்லணும்” என்றார் தம்பி.

“பதினோரு வயசுப் பொண்ணுகிட்ட நான் மன்னிப்பு கேக்கணுமா?”

“மன்னிப்புனு பெரிய வார்த்தை எதுக்கு? தப்புனு சொல்லு, போதும்.”

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கடைசியில் போய், “பாப்பா, அத்தைக்கு வாய் நீளம். இனிமே வெளிய சொல்ல மாட்டேன்” என்றேன்.

“சத்தியமா?”

“மலை மேல சத்தியம்.”

அவள் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். என் வயதுக்கு ஒரு பிள்ளையிடம் நான் தப்பென்று சொன்னது அதுதான் முதல். சொன்ன பிறகு நெஞ்சு எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா!

அடுத்த பங்குனியில் ஒரு வியாழக்கிழமை அவள் ஓடி வந்தாள். அழவில்லை, பயப்படவில்லை. பஸ் வந்துவிட்டது என்று சொல்லுவது போல, “அத்தை, வந்துடுச்சி!” என்றாள். எனக்குப் புல்லரித்தது. எனக்கு வந்தபோது நான் வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒரு பகல் முழுக்க அழுதவள்.

அவளுடைய தாய்மாமன் பச்சை ஓலை கொண்டுவந்து முறைப்படி குடிசை கட்டினார். பதினோரு நாள் பெண் அதற்குள் இருக்க வேண்டும், அப்புறம் தண்ணீர் ஊற்றி வெளியே அழைக்க வேண்டும் என்று பேச்சு. குடிசைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

“நைனா, திங்கக்கிழமை முழுப் பரீட்சை!”

தாய்மாமனுக்குக் கோபம் பொங்கியது. “இன்னா மாப்ள, ஓலை காயறதுக்குள்ள பொண்ணத் தெருவுல விடுவியா? படிச்சிக் கலெக்டராவப் போறாளா?”

பரீட்சை எழுதாவிட்டால் அந்த வருடம் போச்சு. வருடம் போனால் படிப்பும் போச்சு. எல்லோருக்கும் அது தெரியும். உறவு முழுக்க வாசலில் நிற்கிறது. என் தம்பி குடிசைக்கு எதிரில் குந்தி உட்கார்ந்தார்.

“மச்சான், அவளைக் கேக்காம முடிவு பண்ண மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன். பாப்பா, மாமாவுக்கு நீயே சொல்லு.”

ஓலைக்கு உள்ளேயிருந்து அவள் பேசினாள். “மாமா, நீ கட்டின குடிசை ரொம்ப நல்லா கீது. நான் போய்ப் பரீட்சை எழுதிட்டு வந்து திரும்ப இதுலயே உக்காந்துக்கறேன்.”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். தாய்மாமன் மட்டும் சிரிக்கவில்லை. “தண்ணி ஊத்தாம வெளிய வரக் கூடாது. அதான் முறை” என்றார்.

முறை என்றதும் எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. “முறைன்னா ஊத்தறது யாரு? அத்தைக்காரி நான் தானே? ஒத்தப்படை நாள்ல ஊத்தணும். திங்கக்கிழமை அஞ்சாம் நாள். விடியறப்பவே நான் ஊத்தறேன். யாரு கேக்கறீங்கன்னு பாக்கறேன்!” என்றேன். என் தம்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஊற்றினேன். மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட ஈரத் தலையோடு முதல் பஸ்ஸில் போனாள். தாய்மாமன் சீரை வைத்துவிட்டுப் பேசாமல் கிளம்பிவிட்டார். இரண்டு வருடம் எங்கள் வாசல்படி மிதிக்கவில்லை. தம்பி மனைவி அண்ணனை நினைத்து அழுதாள். ஆனாலும் மகளைப் போகாதே என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

பரீட்சை முடிந்து வந்த பிள்ளையிடம் எவ்வளவு மார்க் வரும் என்று தம்பி கேட்கவில்லை. “இன்னா கேட்டாங்க?” என்றுதான் கேட்டார். அவள் ஒவ்வொரு கேள்வியாகச் சொல்ல, இவர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். அந்தக் கச்சேரி அவள் வாத்தியார் வேலைக்குப் படித்து முடிக்கும் வரைக்கும் நடந்தது. எங்கள் தெருவிலிருந்து வாத்தியாரம்மா ஆன முதல் பெண் அவள். அவளுக்குப் பின்னால் எத்தனை பெண்கள் அந்த பஸ்ஸில் ஏறினார்கள்!

போன வருடம் தம்பிக்கு வயிற்றில் நோவு கண்டது. வேலூரில் பரிசோதித்து இங்கிலீஷில் காகிதம் கொடுத்தார்கள். அதைப் படிக்க எங்கள் வீட்டில் பூங்கோதை ஒருத்திதான். படித்ததும் அவள் முகம் மாறியது. சொல்லாதே என்று அவள் அம்மாவும் நானும் கையைப் பிடித்துக்கொண்டோம். அவர் கேட்டார், அவள் சொன்னாள். காகிதத்தை வாங்கி மடித்து வைத்துவிட்டு, “நல்லது பாப்பா, நீ சொன்னது” என்றார். அதற்குப் பிறகு இருந்த இரண்டு மாதமும் வீட்டில் ஒளிவு மறைவு இல்லை. நிலத்தைப் பற்றிப் பேசினோம், சின்ன மகளின் படிப்பைப் பற்றிப் பேசினோம், பழைய சண்டைகளைச் சொல்லிச் சிரித்தோம்.

அவரை வேலூருக்குத் தன் வண்டியில் கூட்டிப்போன பக்கத்து நிலத்துக்காரருக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்சம்மாக்களுக்கும், காரியங்களுக்கு முன்னால் நின்ற தெருக்காரர்களுக்கும் கை கூப்புகிறேன். தாய்மாமனுக்குத் தனியாக நன்றி. கோபம் ஆறி, தன் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பூங்கோதையைத் துணைக்குத் தேடி வந்தவர் அவர். கடைசி மாதம் முழுக்கத் தம்பியின் கட்டில் பக்கத்திலேயே இருந்தார்.

வெகு வருடம் கழித்துப் பிறந்த சின்ன மகள் சுமதிக்கும் அப்போது பதினோரு வயதுதான். அந்தக் கடைசி நாட்களில் ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் நேராகக் கட்டில் பக்கத்தில் போய் நின்றாள்.

“நைனா, சாவறப்ப வலிக்குமா?”

நான் பதறிப்போய் அவளை இழுக்கப் போனேன். தம்பி கையைக் காட்டி என்னை நிறுத்தினார். யோசித்தார். சிரித்தார்.

“தெரியலியே பாப்பா. எனக்கும் இதான மொத தபா.”

அவளும் சிரித்துவிட்டாள். அப்புறம் கேட்டாள். “பயமா கீதா?”

“கீது. நீ பக்கத்துல இருந்தா கொஞ்சம் கம்மியா கீது.”

தோளில் மாட்டிய பையைக்கூடக் கழற்றாமல் அவள் கட்டிலில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.